ஒரே பொக்ஸில் இரண்டு சப்வூபர்: நடுவில் பலகை வேண்டுமா?

தம்பி கேட்டது இதுதான். ஹட்டன் பக்கம் ஓடும் டொல்பின் வேன். பின்னால் மூடிய பொக்ஸில் 12 அங்குல வூபர் (பேஸ் ஸ்பீக்கர்) ஒன்று இருந்தது, நன்றாகவே அடித்தது. அதே பொக்ஸில் பக்கத்தில் இன்னொரு வட்டம் வெட்டி, அதே மொடலில் இரண்டாவது வூபரைப் பூட்டியிருக்கிறார். சத்தம் இரட்டிப்பாகும் என்று பார்த்தால் பேஸ் மெலிந்துபோய் கோன் (வூபரின் முன்னால் ஆடுகிற கூம்பு) மட்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆடுகிறதாம். ஒருவர் "உள்ளே ரெண்டு காத்தும் மோதுது, நடுவுல பலகை அடி" என்கிறார், இன்னொருவர் பலகை தேவையே இல்லை என்கிறார். எது சரி?

இரண்டு பேரும் சொன்னதில் பாதி பாதி சரி தம்பி. ஆனால் உங்கள் வேனில் இப்போது இருக்கிற பிரச்சினை பலகை இல்லாததால் வந்தது அல்ல. ஒரு வூபரின் வயர் மாறிக் கிடக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன், கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசியுங்கள். இது விளங்கினால் பிறகு எந்தப் பொக்ஸ் அடித்தாலும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் அந்தக் "காற்று மோதுது" கதையை எடுத்துக்கொள்வோம். 50 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம். உங்கள் பொக்ஸின் உள்நீளம் 70 சென்டிமீட்டர். 7 மீட்டர் அலை அதற்குள் ஓடி எதிரே வருகிற இன்னொரு அலையோடு மோதுவதற்கு இடமே கிடையாது. சப்வூபர் வேலை செய்கிற அளவில் பொக்ஸுக்குள் அலை என்று ஒன்று இல்லை, அழுத்தம் மட்டும்தான் இருக்கிறது, அது எல்லா மூலையிலும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் ஏறி இறங்கும். 70 சென்டிமீட்டருக்குள் அலை நின்று ஆடத் தொடங்குவது 245 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான், அதை உங்கள் அம்பின் லோ பாஸ் (பேஸை மட்டும் விடுகிற ஃபில்டர்) எப்போதோ வெட்டிவிட்டது.

அப்போ உள்ளே இருக்கிற காற்று என்ன செய்கிறது? ஸ்ப்ரிங்காக வேலை செய்கிறது. கோன் உள்ளே வந்தால் காற்று நெருங்கி அதை வெளியே தள்ளும், வெளியே போனால் பிடித்து இழுக்கும். அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் எட்கார் வில்ச்சூர் 1954இல் மூடிய சின்னப் பொக்ஸில் ஆழமான பேஸ் எடுத்துக் காட்டியதும் இந்தக் காற்று ஸ்ப்ரிங்கை நம்பித்தான். இரண்டு வூபரை ஒரே அறையில் பூட்டினால் இரண்டுக்கும் ஒரே ஸ்ப்ரிங். அந்தக் காற்றுக்கு எந்தக் கோன் தன்னை அமுக்கியது என்று தெரியாது. ஒன்று செய்வதை மற்றது உடனே உணரும். நீங்கள் கேட்டதற்கான பதில் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது.

இப்போது உங்கள் வூபரைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய தாளில் எஃப்எஸ் (பொக்ஸ் இல்லாமல் வூபர் இயல்பாக ஆடுகிற வேகம், அதாவது அதன் ரெசனன்ஸ்) 28 ஹெர்ட்ஸ், கியூடிஎஸ் (அந்த ரெசனன்ஸில் கோன் எவ்வளவு கட்டுப்பாடு இல்லாமல் ஆடும் என்கிற அளவு) 0.45, வாஸ் 60 லீட்டர். பொக்ஸும் 60 லீட்டர். வாஸ் என்பது வூபரின் சொந்த ஸ்ப்ரிங், அதாவது சரவுண்டும் (கோனின் ஓர வளையம்) ஸ்பைடரும் (கோனைப் பின்னால் பிடித்திருக்கிற நெளிவுத் துணி) சேர்ந்த விறைப்பு, எத்தனை லீட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம் என்கிற அளவு. ஆகவே ஒரு வூபர் மட்டும் இருந்தபோது காற்று ஸ்ப்ரிங்கும் வூபரின் ஸ்ப்ரிங்கும் சரிசமம், இரண்டு பங்கு விறைப்பு. இரண்டாவதையும் பூட்டினால், இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் ஆடும்போது ஒவ்வொன்றுக்கும் 30 லீட்டர்தான் கிடைக்கும், காற்றின் பங்கு இரட்டிப்பாகி மொத்தம் மூன்று பங்கு. அடி பேஸில் ஒவ்வொரு கோனும் முன்பு ஆடியதில் மூன்றில் இரண்டு பங்குதான் ஆடும். ஆனால் கோன் இரண்டு இருக்கிறதே! மூன்றில் இரண்டு, இரண்டு தடவை, என்றால் மூன்றில் நான்கு. 4 ஓம் வூபர் இரண்டைப் பேரலலில் (பிளஸ் பிளஸ்ஸோடு, மைனஸ் மைனஸோடு) போட்டால் 2 ஓம், அம்ப் அந்த 2 ஓமில் அதே வோல்ட்டேஜைத் தாங்கிக் கொடுத்தால் அடி பேஸ் சுமார் இரண்டரை டெசிபல் ஏற வேண்டும், மேல் பேஸ் முழுசாக 6 டெசிபல் ஏற வேண்டும். பொக்ஸ் சின்னதாகிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும் சத்தம் கூடத்தான் வேண்டும், குறைய வழியே இல்லை. உங்களுக்குக் குறைந்திருக்கிறது என்றால் காரணம் வேறு.

வயரை மாற்றிப் பூட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு கோன் வெளியே போகும்போது மற்றது உள்ளே வருகிறது. பொக்ஸுக்குள் இருக்கிற காற்று நெருங்கவும் இல்லை, விரியவும் இல்லை, இடம் மட்டும் மாறுகிறது. ஸ்ப்ரிங்கே காணாமல் போய்விட்டது. இரண்டு வூபரும் பொக்ஸ் இல்லாமல் வெறுமனே தொங்குகிற மாதிரி. விறைப்பு இரண்டு பங்கிலிருந்து ஒரு பங்காக இறங்கியதால் அடி பேஸில் கோன் முன்பு ஆடியதைவிட இரட்டிப்பு ஆடும். வெளியிலோ ஒன்று தள்ளுகிற காற்றை மற்றது இழுத்துக்கொள்வதால் காதுக்கு ஒன்றும் வராது. கோன் ஆடுகிறது, பேஸ் இல்லை என்று நீங்கள் எழுதியது அப்படியே இதுதான். இந்த நிலையில் "சத்தம் காணாதே" என்று வொலியூமைக் கூட்டிவிடாதீர்கள். கொயில் அடியில் போய்த் தட்டி நாசமாகும்.

பார்க்கிற முறை சுலபம். அம்பிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிட்டு, பொக்ஸின் டேர்மினலில் 9 வோல்ட் பெட்டரி ஒன்றை ஒரு நொடி தொட்டு எடுங்கள், பிளஸ் பிளஸ்ஸில். இரண்டு கோனும் ஒன்றாக வெளியே வர வேண்டும். ஒன்று வெளியே, ஒன்று உள்ளே என்றால் ஒன்றின் வயரை மாற்றுங்கள், முடிந்தது. இதில் நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வூபராகத் தனித்தனியே வயரைக் கழற்றிப் பெட்டரியைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஒன்று வெளியே வரும்போது உள்ளே அழுத்தம் குறையும், மற்றது சும்மா இருந்தாலும் உள்ளே இழுபடும். அதைப் பார்த்துவிட்டு "இது தலைகீழ்" என்று சரியாக இருந்த வயரையும் மாற்றிவிடுவார்கள். இரண்டையும் இணைத்தபடி ஒரே நேரத்தில் பாருங்கள்.

அதே தத்துவத்தில் இன்னொரு சோதனை. வயர் இல்லாமல் ஒரு கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அமுக்கினால் மற்றது வெளியே எழும்ப வேண்டும், அமுக்கிப் பிடித்திருக்கும் வரை அப்படியே நிற்க வேண்டும். சீக்கிரமே பழைய இடத்துக்கு வந்துவிட்டால் பொக்ஸில் எங்கோ காற்று கசிகிறது. தோட்டத்து ரோட்டில் தினமும் குலுங்குகிற வாகனத்தில் வூபரைப் பிடித்திருக்கிற ஆணிகள் தளர்வது சாதாரணம்.

இடையில் ஒன்று. "ரெண்டு போட்டா பாதிப் பொக்ஸ் போதும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது ஐசோபாரிக் என்கிற வேறு ஏற்பாடு. அதில் ஒரு வூபருக்குப் பின்னால் இன்னொன்றை அடைத்துப் பூட்டி இரண்டையும் ஒரே கோனாக ஆட்டுவார்கள், வெளியே வருகிற சத்தமும் ஒரு கோனுடையதுதான். பக்கத்தில் பக்கத்தில் பூட்டினால் இடம் இரட்டிப்பாகத்தான் வேண்டும். முன்பு 60 லீட்டரில் இருந்த அதே குணம் இரண்டிலும் வேண்டுமானால் 120 லீட்டர். 60இலேயே வைத்தால் கியூ (பொக்ஸோடு சேர்த்துப் பார்க்கிற கியூடிஎஸ்) 0.64இலிருந்து 0.78க்கு ஏறும், பொக்ஸின் ரெசனன்ஸ் 40இலிருந்து 48 ஹெர்ட்ஸுக்குப் போகும், அடி கொஞ்சம் குத்துகிற மாதிரிக் கேட்கும். அது கெட்டது என்று சொல்ல மாட்டேன், சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

சரி, பலகைக்கு வருவோம். இரண்டும் ஒரே மொடல், ஒரே சிக்னல், ஒரே பவர், இரண்டும் நல்ல நிலையில் இருக்கிறது என்றால், நடுவில் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சத்தத்தில் வித்தியாசம் கிடையாது. 120 லீட்டர் ஒரே அறையாக இருந்தால் ஒவ்வொன்றும் தனக்கு 60 லீட்டர் இருப்பதாக உணர்கிறது, பிரித்தாலும் அதே 60. நடுவில் கற்பனையாக ஒரு சுவர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாக இருப்பதால் அந்தச் சுவருக்கு எந்த வேலையும் இல்லை. பலகை தேவையில்லை என்றவர் இந்த அளவில் சரிதான்.

ஆனால் இரண்டும் சமமாக இருக்கும் வரைதான் அந்தக் கணக்கு. நான் பலகைப் பக்கம் சாய்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். பல வருசத்துக்கு முன் என் வேனில் பலகை இல்லாத மூடிய பொக்ஸில் இரண்டு வூபர் பேரலலாகப் போட்டிருந்தேன். தலவாக்கலையிலிருந்து பதுளைக்கு ஒரு கலியாணப் பயணம். போகும் வழியிலேயே ஒன்றின் கோனுக்குப் போகிற பின்னல் வயர் அறுந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை? செத்த வூபரும் ஆடிக்கொண்டே இருந்தது, பார்க்கப்போனால் மற்றதைவிடக் கூடுதலாகவே ஆடியது. உயிரோடு இருந்த வூபர் உள்ளே இருந்த காற்றால் அதைத் தள்ளி ஆட்டியது. பையன்கள் பேஸ் குறைந்துவிட்டது என்று கூட்டக் கூட்ட, வெலிமடை தாண்டுகிற நேரம் கருகிய வாசம். நல்ல வூபரும் போனது. எனக்கு அன்று வந்த கவலை பணத்துக்காக மட்டும் இல்லை, காரணம் பிடிபடவில்லையே என்றுதான்.

பிறகுதான் விளங்கியது. வயர் அறுந்த வூபர் பாசிவ் ரேடியேட்டராக, அதாவது கரண்ட் இல்லாமல் உள்ளே இருக்கிற காற்றால் மட்டும் ஆடுகிற கோனாக மாறிவிடும். உங்கள் எண்களை வைத்தே சொன்னால், 60 லீட்டர் பொதுப் பொக்ஸில் ஒன்று செத்தால் அது 40 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ட்யூன் பண்ணிய போர்ட் (பொக்ஸில் காற்று போய்வருகிற குழாய்) மாதிரி நடந்துகொள்ளும். அந்த 40இல் செத்த கோன் பெரிதாக ஆடும், நல்ல கோன் கிட்டத்தட்ட நிற்கும். அதற்குக் கீழே போனால் செத்தது எதிர்ப்பக்கம் ஆடி சத்தத்தை அழிக்கும், நல்ல கோனுக்குப் பிடிமானம் போய் அளவுக்கு மீறி ஆடும். நடுவில் பலகை இருந்திருந்தால் ஒன்று செத்தாலும் மற்றது தன் 30 லீட்டரோடு தன் பாட்டில் அடித்திருக்கும், செத்தது அசையாமல் நின்று தானே தன்னைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டையும் சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக) இணைத்திருந்தால் ஒன்றின் கொயில் அறுந்ததும் இரண்டுமே நின்றுவிடும், அது ஒரு பாதுகாப்பு. ஆனால் 4 ஓம் வூபர் இரண்டை சீரிஸில் போட்டால் 8 ஓம் ஆகிவிடும், அம்பிலிருந்து பவர் கிடைக்காது. டபுள் கொயில் வூபராக இருந்தால் இணைப்பில் இன்னும் வழிகள் உண்டு. உங்களுடையது ஒற்றைக் கொயில் என்பதால் பேரலலில் 2 ஓம்தான். அம்ப் 2 ஓம் தாங்குமா என்று அதன் அடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

வூபர் இரண்டும் வேறு வேறு மொடல் என்றால் பலகை இல்லாமல் நினைக்கவே வேண்டாம். ஒன்றின் எஃப்எஸ் 28, மற்றதின் எஃப்எஸ் 38 என்று வையுங்கள். ஒரே சிக்னல் கொடுத்தாலும் ரெசனன்ஸ் பக்கத்தில் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். ஒன்று வெளியே வரப் பார்க்கும்போது மற்றது அதன் ஸ்ப்ரிங்கைக் குழப்பும், பலமான கொயில் பலவீனமான கோனைத் தன் இஷ்டத்துக்கு இழுக்கும். அதே மொடலையே இரண்டு தனித்தனி அம்பில் ஓட்டினாலும் கெயின் (அம்ப் சிக்னலைப் பெருக்குகிற அளவு) ஒன்றாக இல்லாவிட்டால் இதே கதை. ஸ்டீரியோ அம்பின் இடது வலது சேனலில் ஒவ்வொன்றாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், பாட்டில் பேஸ் ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஒன்று வேலைக்காரன், மற்றது சுமை. பொது அறை என்றால் மோனோ சிக்னல் (இடது வலது சேர்ந்த ஒரே சிக்னல்), ஒரே அம்ப், ஒரே கெயின்.

போர்ட் பொக்ஸ் என்றால் கவனம் இரட்டிப்பு வேண்டும். ஒரே ஒரு போர்ட் இருக்கிற பொக்ஸின் நடுவில் பலகை அடித்தால், போர்ட் உள்ள பக்கம் பாதி இடமாகி ட்யூனிங் 35 ஹெர்ட்ஸில் இருந்தது 49க்கு ஏறும், மற்றப் பக்கம் மூடிய பொக்ஸாகிவிடும். இரண்டும் இரண்டு குணம், இதைவிடப் பலகை அடிக்காமலே இருக்கலாம். பிரிப்பதென்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே மாதிரி போர்ட். பிரிக்காமல் வூபர் மட்டும் ஒன்று கூட்டினால் ட்யூனிங் பெரிதாக மாறாது, ஆனால் போர்ட்டில் ஓடுகிற காற்றின் வேகம் கூடி "புஸ் புஸ்" என்று கேட்கும். அதற்காக அதே நீளத்தில் இன்னொரு போர்ட் வைத்தால் ட்யூனிங் மறுபடியும் 1.4 மடங்கு ஏறும், நீளத்தையும் கூட்டியாக வேண்டும்.

நம் பக்கத்து ஆட்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும், இதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. கொழும்பில் செட் பண்ணிக் கேட்டு வாங்கிய பொக்ஸ், ரம்பொடை ஏறி நுவரெலியா வந்ததும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். மனப்பிரமை இல்லை. நுவரெலியா 1868 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று ஸ்ப்ரிங்கின் விறைப்பு அந்த அழுத்தத்தைப் பொறுத்தது, அதனால் ஸ்ப்ரிங்கும் ஐந்தில் ஒரு பங்கு இளகும். உங்கள் இரண்டு வூபர் 60 லீட்டரில் 48 ஹெர்ட்ஸ் என்று கணக்குப் போட்டேனே, அது அங்கே 45க்கு இறங்கும், கோன் அதே பவருக்குக் கொஞ்சம் கூட ஆடும். அதே ஆட்டத்துக்கு வருகிற சத்தமோ ஒன்றரை, 2 டெசிபல் குறைவு, தள்ளுவதற்குக் காற்று மெலிந்துவிட்டதால். ஹட்டனில் இதைவிடக் குறைவாக, ஆனால் இதே திசையில். போர்ட் ட்யூனிங் மட்டும் உயரத்தால் மாறாது, ஸ்ப்ரிங் இளகுகிற அளவுக்கே போர்ட்டில் ஆடுகிற காற்றின் எடையும் குறைவதால் இரண்டும் சரிக்கட்டிவிடும். ஆக நமக்கு மலையில் பொக்ஸ் கொஞ்சம் சின்னதாக இருப்பதில் நட்டமில்லை.

குளிரும் ஒரு விஷயம். காமன் கூத்துக்குத் தப்புப் பறை அடிக்கிறவர்கள் முதலில் நெருப்பில் காய்ச்சித்தான் எடுப்பார்கள், தோல் ஈரத்தில் தளர்ந்திருக்கும். வூபரில் இது தலைகீழ், விடிய நேரக் குளிரில் ரப்பரும் ஸ்பைடரும் விறைத்திருக்கும். முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அப்புறம் கூட்டுங்கள்.

உங்களுக்கு என் யோசனை: இன்றைக்கே பெட்டரி வைத்துப் பாருங்கள், வயரைச் சரி பண்ணிவிட்டு ஒரு கிழமை கேளுங்கள். பேஸ் பிடித்திருந்தால் அதே பொக்ஸில் நடுவில் பலகை அடியுங்கள், சத்தத்துக்காக இல்லை, ஒன்று போனால் மற்றது தப்புவதற்காக. 18 மில்லிமீட்டர் பலகை உங்கள் பொக்ஸில் ஒன்றரை லீட்டர்தான் தின்னும், கூடவே முன் பின் பலகைகள் அதிராமல் தாங்கியும் பிடிக்கும். வட்டம் வழியாக முழுப் பலகை உள்ளே போகாது, பின் பலகையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஓரம் நாலு பக்கமும் பசையும் சிலிக்கனும் போட்டு முழுசாக அடையுங்கள். வயர் போகிற துளையை மறந்துவிடுவார்கள், பலகையில் ஒரு சின்னத் துளை இருந்தாலும் பிரித்ததற்கு முழுப் பலன் இல்லை. ஒவ்வொரு அறைக்கும் தனி டேர்மினல் வைப்பதுதான் நல்லது. அடித்து முடித்ததும் பழைய சோதனையைச் செய்யுங்கள்: ஒரு கோனை அமுக்கினால் இப்போது மற்றது அசையவே கூடாது.

பலகைக்கு எம்டிஎஃப் போட்டால் வெட்டிய ஓரங்களைப் பெயின்ட் அல்லது பசை பூசி அடைத்துவிடுங்கள், நம் பனியில் அது ஈரம் குடித்து ஊதிவிடும். மழைக்காலத்தில் வேன் வெளியே நிற்பதென்றால் மரைன் பிளைவூட் எடுங்கள், விலை கூடத்தான். பசை டப்பாவில் 24 மணி நேரம் என்று எழுதியிருந்தால் இங்கே இரண்டு நாள் விடுங்கள். சிலிக்கனின் புளித்த வாசம் முழுசாகப் போகும் வரை வூபரைப் பூட்ட வேண்டாம், அந்த ஆவி மூடிய பொக்ஸுக்குள் தங்கினால் வூபருக்கு நல்லதில்லை.